அவையடக்கமும் அவையச்சமும்

நமது எழுத்தாளர் ஒருவரின் முதல் நூல் கைக்குக் கிடைத்தால் நான் முதலில் படிப்பது 'என்னுரை'யைத்தான். உள்ளே இருக்கும் கவிதைகளையும் கதைகளையும் விட அந்த ஒன்றரைப் பக்கம் சிலவேளை அதிகம் பேசிவிடுகிறது. இது என் கன்னி முயற்சி, குறைகள் மலிந்திருக்கும், பெரியோர் பொறுத்தருள வேண்டும், வெளியிடும் துணிவு எனக்கு இருக்கவில்லை, நண்பர்களின் வற்புறுத்தலே காரணம் என்று அது செல்லும். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் ஒருவருடைய என்னுரையை இன்னொருவருடைய நூலில் தாராளமாகச் சேர்த்துவிடலாம்.

அடக்கம் நல்ல குணம்தானே, இதில் என்ன குறை என்று கேட்கலாம். குறை அந்த வரிகளில் இல்லை. இப்படியாவது எழுதி வெளியிட்டவர்கள் நமக்குக் கிடைத்தவர்கள். அதே என்னுரையை மனதுக்குள் எழுதிவைத்துக்கொண்டு, நூலை எழுதாமலே இருந்துவிட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர்? அவர்களைப் பற்றி எந்த இலக்கிய வரலாறும் பேசுவதில்லை. பேசுவதற்கு அங்கே எதுவும் எஞ்சியிருக்கவில்லை. நம்பிக்கை வந்த பிறகு எழுதுவோம் என்று காத்திருந்தவர்களையும், எழுதியதனால் நம்பிக்கை பெற்றவர்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காவியம் பாட வந்த புலவர் தன் சிறுமையைச் சொல்லிச் சான்றோரிடம் பொறுதி கேட்பது நமது மரபு. கம்பர் அதைச் செய்தார். நமது உமறுப் புலவரும் செய்தார். ஆனால் அந்த அவையடக்கச் செய்யுள்கள் நூலில் எந்த இடத்தில் நிற்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். அவை வாசலில் நிற்கின்றன. சீறாப்புராணத்தில் அந்த வாசலுக்கு அப்பால் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்களும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களும் இருக்கின்றன. தனக்குத் தகுதி போதாது என்று சொன்ன அதே நாவினால்தான் உமறு அவ்வளவையும் பாடினார்.

இன்னொன்றையும் நினைவுகொள்ள வேண்டும். சீறாப்புராணம் நபி (ஸல்) அவர்களின் வாழ்வு முழுவதையும் பாடி முடித்த நூல் அன்று. எஞ்சிய பகுதியைப் பின்னர் பனீ அகுமது மரைக்காயர் 'சின்னச் சீறா'வாகப் பாடினார். முற்றுப்பெறவில்லை என்பதற்காக எவரும் சீறாவைத் தள்ளிவைக்கவில்லை. தமிழ் முஸ்லிம்களின் தலையாய காவியமே முற்றுப்பெறாத ஒன்றுதான். 'எல்லாம் சரியாக வந்த பிறகு பார்ப்போம்' என்று சொல்லும் நண்பர்கள் இதைச் சற்றே யோசிக்கலாம்.

திருக்குறளில் 'அவையறிதல்' என்ற அதிகாரத்தை அடுத்து வருவது 'அவையஞ்சாமை'. அவையின் தரத்தை அறிந்துகொள்வது ஒரு பாடம். அறிந்த பின் அதற்கு அஞ்சாதிருப்பது அடுத்த பாடம். நம்மில் பலர் முதற்பாடத்தை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்திருக்கிறோம். அவையடக்கம் பாடுபவன் அவைக்கு வந்துவிட்டவன். அவையச்சம் கொண்டவன் வீட்டிலேயே இருக்கிறான். வெளித்தோற்றத்தில் இரண்டும் பணிவுபோலத் தெரிவதால் ஒன்றை மற்றொன்றாகக் கருதி ஏமாந்துவிடுகிறோம்.

இதைச் சொல்வதற்கு எனக்குள்ள ஒரே தகுதி, நானும் அஞ்சியவன் என்பதுதான். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலம். விடுமுறை ஒன்றில் பன்னிரண்டு தாள்களில் ஒரு சிறுகதையை எழுதி, கடித உறையில் இட்டுக்கொண்டு கொழும்புக்கு வந்தேன். கொட்டாஞ்சேனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, விசாரித்து விசாரித்து ஸ்ரீ கதிரேசன் வீதியைக் கண்டுபிடித்தேன். 'மல்லிகை' அப்போது அங்கிருந்துதான் வெளிவந்துகொண்டிருந்தது. வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தேன். திரும்பவும் நடந்தேன். ஒரு தேநீர்க் கடையில் பிளேன்டீ குடித்தேன். கதையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு பந்தி சரியில்லை என்று அப்போதுதான் தோன்றியது. இன்னொரு முறை திருத்தி எழுதிக்கொண்டு வருவோம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். 2012இல் மல்லிகை நின்றது. 2021 ஜனவரியில் டொமினிக் ஜீவா காலமானார். அந்தக் கதை இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. மூன்றாம் பக்கத்துப் பந்தியும் அப்படியேதான் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், யாரிடம் போக நான் அஞ்சினேனோ அவர் எந்தத் தகுதியும் வந்து சேரட்டும் என்று காத்திராத மனிதர். ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழிலைச் செய்துகொண்டே சிறுகதை எழுதியவர். 1960இல் வெளிவந்த அவரது 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966 ஆகஸ்டில் மல்லிகையைத் தொடங்கியபோது பெரிய முதலீடோ, அச்சகமோ, பட்டதாரிகள் கொண்ட ஆசிரியர் குழுவோ அவரிடம் இருக்கவில்லை. சலூனிலிருந்தே இதழ் நடந்தது. பிரதிகளைத் தாமே சுமந்து சென்று விற்றார். யுத்தம் அவரைக் கொழும்புக்குக் கொண்டுவந்த பின்னர் கொட்டாஞ்சேனையிலிருந்து தொடர்ந்தார். நாற்பத்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ நானூறு இதழ்கள் வந்தன. சஞ்சிகை நடத்துவது எப்படி என்பதை அவர் சஞ்சிகை நடத்தித்தான் கற்றுக்கொண்டார். முதலாவது இதழுக்கு முன்னர் அந்தப் பாடத்தைச் சொல்லித்தர யாழ்ப்பாணத்தில் எந்தக் கலாசாலையும் இருக்கவில்லை.

ஜீவா முஸ்லிம் அல்லர், அவரது போராட்டத்தின் தளம் வேறு என்று சிலர் சொல்லலாம். சரி, நமக்குள்ளேயே பார்ப்போம். மேமன்கவியை இவ்விதழின் வாசகர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. அப்துல் கரீம் அப்துல் ரஸாக் என்பது அவரது இயற்பெயர். மேமன் சமூகத்தைச் சேர்ந்த அவருக்கு வீட்டுமொழி தமிழ் அன்று. அவரது 'யுகராகங்கள்' வெளிவந்த ஆண்டு 1976. தமிழை வீட்டில் பேசி வளர்ந்த நாம், 'எனக்கு இலக்கணம் போதாது', 'என் சொல்வளம் குறைவு' என்று பின்வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், அந்த மொழியை வெளியிலிருந்து கற்றுக்கொண்ட ஓர் இளைஞர் கவிதைத் தொகுதி ஒன்றோடு வந்துவிட்டார். அத்தொகுதியில் குறைகள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அக்காலப் புதுக்கவிதையின் உரத்த குரல் அதிலும் உண்டு. ஆனால் 1982இல் வந்த 'ஹிரோஷிமாவின் ஹீரோக்கள்' தொகுதிக்கும் அதன் பின்னர் வந்தவற்றுக்கும் 'யுகராகங்கள்' ஒரு படி. தமிழ் தனக்கு முழுமையாக வசப்படட்டும் என்று அவர் காத்திருந்திருந்தால் அந்தப் படி கட்டப்பட்டிராது. தமிழ் அவருக்கு வசப்பட்டதே அந்தப் படிகளில் ஏறியதனால்தான் என்பது என் கருத்து.

இவ்விருவருக்கும் முன்னோடியாக ஒருவரைச் சொல்ல வேண்டும். கண்டியில் சட்டத்தொழில் பார்த்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அஸன்பேயுடைய சரித்திரம்' வெளிவந்தது. ஈழத்தின் முதலாவது தமிழ் நாவலாகப் பலரும் கொள்வது இதனையே. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்து அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. நாவல் என்றால் என்ன என்பதே தமிழில் தீர்மானமாகாத நேரம். அப்படியிருந்தும் சித்திலெப்பை எழுதினார்.

அந்நாவல் மீது விமரிசகர்கள் வைக்கும் குறைகள் நியாயமானவை. கதை மிசிறிலும் இந்தியாவிலும் நடக்கிறது; இலங்கை முஸ்லிம்களின் வாழ்க்கை அதில் இல்லை. தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி. பாத்திரங்கள் நல்லவர், கெட்டவர் என்று நேராகப் பிரிந்து நிற்கின்றன. அனைத்தும் உண்மை. ஆனால் இத்தனை குறைகளையும் நம்மால் சொல்ல முடிவதற்குக் காரணம் அந்த நூல் இருப்பதுதான். குறை காண்பதற்கும் ஒரு நூல் வேண்டும். சித்திலெப்பை நாவல் இலக்கணத்தை முற்றாகக் கற்றுத் தேர்ந்த பின் எழுதுவோம் என்று இருந்திருந்தால், 1898இல் அவர் மறைந்தபோது அந்த நாவலும் அவரோடு போயிருக்கும். ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாற்றை எழுதுபவர்கள் நமது சமூகத்தவர் ஒருவரின் பெயரோடு தொடங்க வேண்டிய அவசியமும் ஏற்பட்டிராது.

இனி, நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று ஆராயலாம். கலாசாலையில் உளவியல் பாடத்தில் அல்பேர்ட் பண்டுரா என்ற பெயரைப் படித்தோம். கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அவர், 'இதை என்னால் செய்ய முடியும்' என்ற எண்ணம் ஒருவரிடம் எவ்வாறு உருவாகிறது என்பதை 1977இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். அதற்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார். ஒன்று, தானே செய்து பார்த்து வென்ற அனுபவம். இரண்டு, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது. மூன்று, 'உன்னால் முடியும்' என்று பிறர் சொல்வது. நான்கு, அந்நேரத்தில் உடலிலும் மனதிலும் ஏற்படும் படபடப்பை ஒருவர் எவ்வாறு விளங்கிக்கொள்கிறார் என்பது. நான்கிலும் வலுவானது முதலாவது என்பதே அவரது முடிவு.

பரீட்சைக்காக மனனம் செய்த இந்த விடயம் எனக்கு விளங்கியது கற்பித்தல் பயிற்சிக்குப் போன பின்னர்தான். முதல்நாள் ஆறாம் வகுப்பின் முன்னால் நின்றபோது சோக்குக்கட்டி கையில் நடுங்கியது. கரும்பலகையில் எழுதிய எழுத்து கீழ்நோக்கிச் சரிந்தது. விரிவுரையாளர் தந்த புத்திமதிகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. மூன்றாம் வாரத்தில் நடுக்கம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இடையில் யாரும் எனக்கு நம்பிக்கையைக் கொண்டுவந்து தந்துவிடவில்லை. பதினைந்து நாட்கள் வகுப்புக்குள் போய்வந்தேன், அவ்வளவுதான்.

இந்த நான்கு ஊற்றுகளையும் மனதில் வைத்துக்கொண்டு நமது நூல் வெளியீட்டு விழாக்களைப் பார்ப்போம். வெள்ளவத்தையில் 57ஆம் ஒழுங்கையில் இருக்கிறது 1942இல் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம். தலைநகரில் தமிழ் நூலொன்றை வெளியிட விரும்பும் எவருக்கும் நினைவுக்கு வரும் மண்டபம் அதுதான். கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் நம்மவர்கள் பிரதிகளைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டு வந்து அங்கே வெளியிட்டிருக்கிறார்கள். கிராஅத், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, பொன்னாடை, நயவுரை, ஏற்புரை என்று நிகழ்ச்சி நிரல் நீளும். மூன்று மணித்தியாலத்தில் ஒருவரை மகாகவியாக்கி அனுப்பிவிடுவோம்.

இங்கு தரப்படுவது பண்டுரா சொன்ன மூன்றாவது வகை மட்டுமே. பிறர் வாயால் வந்த நம்பிக்கை பிறர் வாய் மூடியதும் போய்விடும். வெள்ளவத்தையில் நடந்த ஒரு விழாவில் நானும் நயவுரை செய்திருக்கிறேன். கவிதைத் தொகுதி. எழுதியவர் வயதில் இளையவர், ஆர்வமுள்ளவர். அறுபது கவிதைகளில் நாலைந்து உண்மையிலேயே நல்லவை. மற்றவற்றில் ஒரே உவமை பல இடங்களில் திரும்பத் திரும்ப வந்தது. நான் நாலைந்தையும் அறுபதாக்கிப் பேசினேன். குறையைச் சொல்வது விழா நாகரிகம் அல்ல என்று நினைத்துக்கொண்டேன். கைதட்டல் கிடைத்தது. பின்னர் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த சிறு மதிப்புரை, நான் மறைத்த அதே குறையை இரண்டே வரிகளில் சொல்லிவிட்டது. அந்த இளைஞர் அதன்பின் எழுதவில்லை. அந்த மதிப்புரை அவரை நிறுத்திவிட்டது என்று பலர் சொன்னார்கள். அவரை நிறுத்தியது என் நயவுரை என்றே நான் நினைக்கிறேன். குறையைத் தாங்கும் பழக்கம் இல்லாமல் அவரை அனுப்பிவைத்தவர்களில் நானும் ஒருவன்.

எழுதத் தயங்கி வீட்டிலிருப்பவரும், எழுதியதைப் புகழ் கேட்டு அதோடு நிறுத்திக்கொண்டவரும் வேறுவேறு ஆட்கள்போலத் தோன்றுகிறார்கள். இருவருடைய பிழையும் ஒன்றுதான். நம்பிக்கை என்பது எழுத்துக்கு வெளியே எங்கோ இருக்கும் ஒரு சாமான் என்று இருவரும் நினைக்கிறார்கள். ஒருவர் அது வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறார். மற்றவர் அதை மேடையில் பெற்றுக்கொண்டதாக நினைக்கிறார்.

அப்படியானால் தயாராகாத ஒவ்வொருவரும் நூல் போட வேண்டும் என்கிறீர்களா என்ற கேள்வி எழும். இது நியாயமான கேள்வி. ஏற்கனவே அவசரமாக வெளிவந்த நூல்கள் நம் வீடுகளில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. ஆனால் செய்தல் வேறு, வெளியிடுதல் வேறு. செய்தலுக்குப் பல படிகள் உண்டு. நூல் அவற்றில் மேற்படி. நாமோ கீழ்ப்படிகளைக் கட்டாமல் நேரே மேற்படிக்குத் தாவச் சொல்கிறோம். தாவ முடியாதவர் அஞ்சி நிற்கிறார். தாவியவர் விழுந்து எழுந்திருக்காமல் இருக்கிறார்.

கீழ்ப்படிகள் நம்மிடம் இருந்தன. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவையில் ஒலித்த 'மாதர் மஜ்லிஸ்' அவற்றில் ஒன்று. மேடை ஏற முடியாத, ஏற விடப்படாத நம் பெண்கள், வீட்டிலிருந்தே எழுதித் தபாலில் அனுப்பினார்கள். அடுப்படியில் நின்றுகொண்டே தமது எழுத்து வானொலியில் வாசிக்கப்படுவதைக் கேட்டார்கள். தவறினால் சிரிக்க எதிரே ஆளில்லை. நன்றாக வந்தால் அடுத்ததை எழுதத் துணிவு வந்தது. தனது குரலைத் தானே கேட்டுப் பழகுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் அக்காலத்தில் அவர்களுக்குக் கிடைத்திராது.

இன்னொன்று வலம்புரி கவிதா வட்டம், நாம் 'வகவம்' என்று சுருக்கமாகச் சொல்வது. கொட்டாஞ்சேனைக்கு அயலிலுள்ள குணசிங்கபுர அல்-ஹிக்மா கல்லூரியில் போயா தினங்களில் அவர்கள் நடத்திய கவியரங்குகளில் நானும் பார்வையாளனாக இருந்திருக்கிறேன். ஒருமுறை ஓர் இளைஞர் நடுங்கும் தாளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வாசித்தார். பாதியில் வரி தவறியது. மன்னிப்புக் கேட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். யாரும் சிரிக்கவில்லை, பெரிதாகப் புகழவுமில்லை. மூத்த கவிஞர் ஒருவர் தேநீர் நேரத்தில் அவரை ஓரமாக அழைத்து, ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். சில மாதங்களின் பின்னர் அதே இளைஞரை அங்கே மீண்டும் கண்டேன். கையில் தாள் இருந்தது. அதைப் பார்க்காமலே வாசித்தார். பண்டுரா சொன்ன முதலாவது ஊற்றும் இரண்டாவது ஊற்றும் இத்தகைய சபைகளில் ஒன்றாகக் கலக்கின்றன. தானும் செய்கிறார், தன்னைப் போன்றவர்கள் செய்வதையும் காண்கிறார். கவியரங்குகளில் வாசிக்கப்படும் கவிதைகள் எல்லாம் கவிதைகளா என்று சிலர் ஏளனம் செய்வதுண்டு. அவை எல்லாம் கவிதைகளாக இருக்க வேண்டியதில்லை. நீந்தப் பழகுபவர் அடிக்கும் ஒவ்வொரு கையும் சரியாக விழுவதில்லை. கரையிலிருந்து பார்ப்பவருடைய கைகள் பிழை செய்வதேயில்லை. அவர் நீந்துவதும் இல்லை.

எனவே நமது சஞ்சிகைகளிடமும் அமைப்புகளிடமும் விமரிசகர்களிடமும் கேட்க வேண்டியவை சில உண்டு. வந்த படைப்பைப் பிரசுரிக்க முடியாவிட்டால் மௌனமாக இருந்துவிடாமல் இரண்டு வரியில் காரணம் எழுதி அனுப்புங்கள். முதல் நூலுக்கு எடுக்கும் விழாவில் பாதியையாவது இரண்டாவது நூலுக்கு எடுங்கள். நயவுரைக்கு அழைக்கப்படுபவர் நல்ல கவிதைகள் நாலென்றால் நாலென்றே சொல்லட்டும். அந்த நாலும் ஏன் நல்லவை, மற்றவை ஏன் அவ்வாறு அமையவில்லை என்று விளக்கட்டும். அதைவிடப் பெரிய மரியாதையை ஓர் எழுத்தாளருக்குச் செய்ய முடியாது. எழுத விரும்புபவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதுங்கள், உங்களிடம் உண்மை பேசும் ஒருவருக்கு அதை வாசித்துக் காட்டுங்கள், அவர் சொன்ன குறையோடு அடுத்த வாரம் இன்னொரு பக்கம் எழுதுங்கள். பயம் போன பிறகு எழுதலாம் என்று இருக்க வேண்டாம். பயம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். எழுதிக்கொண்டிருந்தால் அது தானாக எழுந்து போகும்.

எங்கள் ஊர்க் குர்ஆன் மத்ரஸாவில் அஸருக்குப் பிறகு பிள்ளைகள் ஓதும் சத்தம் பாடசாலை வரை கேட்கும். சரளமாக ஓதும் பிள்ளைகளின் குரலோடு, ஓர் எழுத்தில் தட்டி நின்று மறுபடி தொடங்கும் சின்னக் குரல்களும் கலந்திருக்கும். குர்ஆனைத் தடுமாறித் தடுமாறி, சிரமத்தோடு ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்பது நபிமொழி. நமது மௌலவிமார் இதை அடிக்கடி சொல்வார்கள்; நாமும் தலையாட்டிக் கேட்போம். தடுமாறுபவர் முதலில் திருந்திவிட்டுப் பிறகு ஓத வரட்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை. ஓதும்போது படும் சிரமத்துக்கே கூலி தருகிறது. இறைவேதத்தை ஓதுவதிலேயே இந்தச் சலுகை இருக்கும்போது, ஒரு சிறுகதை விடயத்தில் நமக்கு நாமே இவ்வளவு கடுமை காட்டுவது எதற்காக?

இக்கட்டுரையோடு, அலுமாரியில் இருந்த அந்தப் பன்னிரண்டு தாள்களையும் இவ்விதழின் ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தைத் திருத்தவில்லை. பிரசுரிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. திருப்பி அனுப்புவதாயின், காரணத்தை இரண்டு வரியில் எழுதி அனுப்பும்படி மட்டும் கேட்டிருக்கிறேன்.